கப்புக்கு 15 காசு

ஓட்டல்காரர்களுக்கு டீ போடச் சொல்லிக்கொடுக்க இப்போது ஆலோசகர்கள் வந்துவிட்டார்கள். எந்தத் தேயிலை வாங்குவது, மெனு அட்டையில் என்ன பெயர் எழுதுவது, எந்தக் கெட்டிலில் ஊற்றுவது, என்ன விலை வைப்பது என்று எல்லாவற்றையும் அவர்களே முடிவு செய்து, சரக்கையும் அவர்களே சப்ளை செய்கிறார்கள். நல்லதுதானே என்பீர்கள். இல்லை என்பது என் கட்சி.

பேசும் தகுதி எனக்கு உண்டா என்று கேட்பவர்களுக்காக ஒரு வரி. குன்னூர் ஏலத்தில் தூள் எடுத்து, கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் டீக்கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் போடும் கம்பெனி ஒன்றில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எஸ்.ஆர்.டி. எது, எஸ்.எஃப்.டி. எது என்று இன்றும் கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

அந்த நாளில் ஆலோசனை என்று தனியாக ஒரு சரக்கு கிடையாது. சாம்பிள் பொட்டலங்களைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவோம். சிறுவாணித் தண்ணீரில் அழகாக நிறம் இறங்கும் தூள், போர் தண்ணீரில் கறுத்து, மேலே ஆடை கட்டும். ஆகவே அந்தக் கடைத் தண்ணீரிலேயே, அந்தக் கடைப் பாலிலேயே போட்டுப் பார்ப்போம். மாஸ்டர் ஒரு வாய் குடித்துவிட்டு, "நிறம் இருக்குங்க, கடுப்பு பத்தலை" என்பார். அடுத்த வாரம் கலவையை மாற்றிக்கொண்டு போவோம். இதற்கெல்லாம் பீஸ் வாங்கியதில்லை. தூள் விற்றால் போதும் என்றிருந்தோம்.

இன்றைக்குப் பெரிய ஓட்டல்களில் என்ன நடக்கிறது? மெனுவில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் இருக்கின்றன. கேட்டால் ஒரு கண்ணாடிக் கோப்பை, ஒரு நூல் கட்டிய பை, பிளாஸ்கில் எப்போதோ ஊற்றி வைத்த வெந்நீர். 180 ரூபாய், வரி தனி. கறுப்புத் தேயிலைக்குக் கொதித்த தண்ணீர் கொதித்த சூட்டோடு விழ வேண்டும். தேயிலை ருசி பார்க்கிறவர்களுக்கு உலகம் முழுக்க ஒரு கணக்கு உண்டு: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம். நம் ஊர்ச் சின்ன டீக்கடையில் பாய்லர் நாள் முழுக்கக் கொதிக்கிறது. நட்சத்திர ஓட்டலில் கொதிக்கவில்லை. இந்த ஒரு குறையைச் சரிசெய்ய ஆலோசகர் எதற்கு? அடுப்பு போதும்.

சகிக்க முடியாதது இன்னொன்று. நீலகிரியிலேயே ஒரு ஓட்டல். ஜன்னலைத் திறந்தால் தேயிலைத் தோட்டம். மேஜை மேல் இருப்பதோ வெளிநாட்டுப் பெயர் அச்சடித்த டீ பை. இது எந்தத் தோட்டத்து இலை என்று கேட்டேன். அந்தப் பையன் பாவம், "இம்போர்டட் சார்" என்றான். நீலகிரி ஆர்தடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பனிக்காலத்தில் பறித்த இலையின் வாசனைக்கு உலகத்தில் மரியாதை இருக்கிறது. அதன் அடிவாரத்தில் உள்ள ஓட்டல்களின் மெனுவில் மட்டும் அதற்கு இடமில்லை.

"நல்ல தூள் போட்டால் கட்டுப்படி ஆகாது" என்பது ஓட்டல்காரர்களின் பழைய பாட்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கப்புக்கு இரண்டரை கிராம். ஒரு கிலோவில் 400 கப். கிலோ 200 ரூபாய்த் தூள் என்றால் கப்புக்கு 50 காசு. 600 ரூபாய்த் தூள் என்றால் ஒன்றரை ரூபாய். 180 ரூபாய் டீயில் ஒரு ரூபாய் கூடினால் எந்த ஓட்டல் மூழ்கிவிடும்?

இன்னும் கீழே போவோம். ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். இலை கிலோ 20 ரூபாய் என்று வைத்தால் 90 ரூபாய். அதை 400 கப்புக்குப் பங்கு போட்டால், நீங்கள் குடிக்கும் ஒரு கப்பில் விவசாயிக்குப் போவது 23 காசு கூட இல்லை. 15 ரூபாய்க்கும் கீழே விற்றுத் தவித்த வருடங்களும் உண்டு. 2023-ல் நீலகிரிச் சிறு விவசாயிகள் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். அதை அப்படியே கொடுத்தாலும் கப்புக்கு 38 காசுதான் ஆகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 15 காசு. அந்தப் 15 காசு கிடைக்காமல்தான் செடியைப் பிடுங்கிவிட்டு கேரட் போடுகிறார்கள். சிலர் ரிசார்ட்டுக்கு நிலத்தை விற்றுவிட்டு இறங்கி வந்துவிடுகிறார்கள்.

விலையை நசுக்கினால் இன்னொன்றும் நடக்கும். தூளில் சாயம் வரும். வீட்டிலேயே பார்க்கலாம்: நனைத்த வெள்ளை வடிதாள் மேல் கொஞ்சம் தூளைத் தூவுங்கள். உடனே மஞ்சளோ சிவப்போ ஓடினால் அது சாயத்தூள். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

ஆலோசகர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. தண்ணீரைச் சோதித்து, பையன்களுக்குக் கற்றுக்கொடுத்து, சரக்குக்குத் தேதி போட வைப்பவர் இருந்தால் அவருக்கு என் கும்பிடு. ஆனால் ஆலோசனை சொல்பவரே சரக்கையும் விற்றால், அவர் ஆலோசனை எந்தச் சரக்குப் பக்கம் சாயும் என்று வியாபாரம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மருந்துக் கடைக்காரரே வைத்தியம் பார்ப்பது போலத்தான்.

ஓட்டல்காரர்கள் செய்ய வேண்டியது மூன்றே. மெனுவில் தேயிலையின் ஊரையும் பாக்டரியையும் எழுதுங்கள். பேக் செய்த மாதத்தைப் பார்த்து வாங்குங்கள். ஈரம் ஏறிய பழைய தூளை எந்தக் கெட்டிலும் காப்பாற்றாது. குன்னூரில் இன்ட்கோசர்வ் இருக்கிறது, சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் கூட்டமைப்பு அது. இலங்கையிலிருந்து திரும்பி வந்த நம் மக்களுக்காக அரசு தொடங்கிய டான்டீ இருக்கிறது. ஒரு போன் போட்டு சாம்பிள் கேளுங்கள்.

நம் வயதுக்காரர்கள் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். பேரன் பேத்திகள் பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போனால், டீ வந்ததும் கூச்சப்படாமல் கேளுங்கள்: "தம்பி, இது எந்த ஊர்த் தேயிலை?" பதில் தெரியாவிட்டால் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பத்து மேஜையில் பத்துப் பெரியவர்கள் கேட்டால், மறுமாதமே மெனுவில் ஊர்ப் பெயர் ஏறும்.