பெட்டிக்கு முன் ஏர்த் கம்பி

இடம்பெயர்ந்த குடும்பத்துக்குக் குளிர்சாதனப் பெட்டி ஆடம்பரம் என்பவர்கள் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. கறந்த பாலும், வாங்கிய மீனும், நீரிழிவு நோயாளியின் இன்சுலினும் கெடாதிருப்பது ஆடம்பரமல்ல. ஆனால் ஏர்த் கம்பிக்கும் ட்ரிப் சுவிட்சுக்கும் ஆகும் செலவையும் பெட்டியின் விலையோடு சேர்த்தே எண்ணவேண்டும் என்பது எமது கருத்து.

எமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ற் மின்சாரம். பெட்டியில் மின் கசிந்தால் அதன் தகரம் முழுவதும் மின் ஏறும். ஏர்த் கம்பி இருந்தால் அது மண்ணுக்குள் இறங்கும். ட்ரிப் சுவிட்ச் உடனே விழும். இவை இல்லையேல் ஈரக்கையோடு கதவைத் திறப்பவரின் உடல்வழியே இறங்கும். அயல்வீட்டிலிருந்து இழுத்த வயரிலோ, எலி கடித்த பழைய வயரிங்கிலோ பெட்டியை மாட்டாதீர்கள். முதலில் தகுதிபெற்ற மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு பரிசோதியுங்கள்.

படுக்கவைத்துக் கொண்டுவந்த பெட்டியை நிமிர்த்தி, சில மணி நேரம் விட்டே இயக்குங்கள். சுவரோடு ஒட்டவேண்டாம், சூடு வெளியேற இடம் வேண்டும். உறைந்த பனியைக் கத்தியால் கிண்டாதீர்கள். இன்றைய பெட்டிகள் பலவற்றில் இருப்பது எரியக்கூடிய வாயு. இன்சுலினை உறைய விடாதீர்கள். மின்வெட்டின்போது கதவைத் திறவாதிருந்தால் ஏறக்குறைய 4 மணி நேரம் குளிர் நிற்கும். பழுதான பெட்டியை வளவில் போடுமுன் கதவைக் கழற்றுங்கள்; விளையாடும் பிள்ளை உள்ளே அகப்பட்டால் மூச்சுத்திணறி இறக்கும்.

எமது கிராமச் சங்கங்கள் பெட்டிக்குக் கடன் கொடுக்கும்போது வயரிங்குக்கும் சேர்த்தே கொடுக்கட்டும். போரில் தப்பிய உயிர்கள் வீட்டு மின்சாரத்தால் போகக்கூடாது.