எந்நாட்டின்மீது பற்று?

கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையில் அமர்ந்து இதனை எழுதுகின்றோம். 1947இல் தில்லியில் வெள்ளையன் கொடி இறங்கி மூவண்ணக்கொடி ஏறிற்று. ஆனால், இம்மலையில் சாகிர்தார்களின் ஆட்சி 1976 வரை இறங்கவில்லை. விடுதலை பெற்றதாகச் சொல்லப்பட்ட பின்னும் இருபத்தொன்பது ஆண்டுகள் இம்மலைமக்கள் சாகிர்தார்க்கு அடங்கிக் கிடந்தனர், கூலியின்றி வெட்டியுழைத்தனர். அவர்களுள் ஒருவனை நிறுத்தி, 'உனக்கு நாட்டுப்பற்று உண்டா?' என்று வினவினால், 'எந்நாட்டைக் கேட்கின்றீர்?' என்று அவன் திருப்பிக் கேட்கமாட்டானா?

இவ்வினாவுக்கு விடையிறுக்காமலேயே பொதுவுடைமைத் தோழர்கள் தம்முள் பூசலிட்டு வருகின்றனர். உழைப்பார்க்கு நாட்டெல்லை இல்லை, நாட்டுப்பற்று முதலாளியர் விரித்த வலை என்பர் ஒரு சாரார். பற்றினைப் பகைவர்க்கு விட்டுக்கொடுத்தல் மடமை, அவரினும் உயரக் கொடி பிடிப்போம் என்பர் மற்றொரு சாரார். 2021 ஆகத்து 15இல் மார்க்சியக் கட்சி தன் அலுவலகங்களில் மூவண்ணக்கொடி ஏற்ற முடிவு செய்தபோதும் இப்பூசலே எழுந்தது.

தோழர்களே, உங்கள் வரலாற்றையே உங்களுக்கு நினைவூட்டுகின்றோம். 1942இல், கங்காதர் அதிகாரி வகுத்த கருத்தின்வழி, உங்கள் கட்சி இந்தியாவைப் பல தேசிய இனங்களின் தொகுப்பென அறிவித்தது. தமிழரையும் அவற்றுள் ஒன்றாக எண்ணிற்று. பிரிந்துசெல்லும் உரிமையையும் ஒப்புக்கொண்டது. அற்றை நாளில் உங்கள் கண்ணுக்குத் தமிழ்நாடு தெரிந்தது!

பின்னர் என்ன நேர்ந்தது? 1962இல் சீனப்போர் மூண்டது. நவம்பர் முதல்நாள் கட்சியின் தேசியக்குழு சீனாவைக் கண்டித்தது. அதற்கு உடன்படாதோர் சீனக் கையாட்கள் எனப் பழிக்கப்பெற்றனர், பலர் சிறையுண்டனர். 1964 ஏப்பிரலில் முப்பத்திருவர் வெளியேறினர். அவ்வாண்டிலேயே கட்சி இரண்டாயிற்று. உருசிய சீனப் பிணக்கும், காங்கிரசோடு கொள்ளும் உறவும் அப்பிளவுக்குக் காரணங்களே. ஆயினும், நாட்டுப்பற்று பற்றிய பூசலில் இரு தரப்பாரும் தில்லியின் எல்லைக்கோட்டைப் பற்றியே பேசினர். இனங்களின் உரிமை எங்கே போயிற்று?

பற்றிலார் என்று பழிக்கப்பட்ட அப்பிரிவே, 1972இல் கூட்டிய தன் ஒன்பதாம் மாநாட்டில், தேசிய இனங்களின் தன்னுரிமைக் கொள்கையைக் கைவிட்டது. அம்மாநாடு எங்கே கூடியது? தமிழ் வளர்த்த மதுரையில்! தமிழனின் உரிமையைத் தமிழன் தலைநகரிலேயே புதைத்தீர்களே, இது தகுமா?

இலெனின் 1914இல் என்ன செய்தார்? செருமானியக் குமுகாயக் குடியாட்சிக் கட்சியினர் ஆகத்து 4இல் போர்ச்செலவுக்கு வாக்களித்துத் தம் பேரரசனோடு ஒட்டிக்கொண்டனர். இலெனினோ தம் மொழியையும் மண்ணையும் நேசிப்பதாகவே எழுதினார்; அந்நேசத்தாலேயே, பிற இனங்களை ஒடுக்கும் உருசியப் பேரரசை எதிர்த்தார். மண்மீது பற்று வேறு. அம்மண்ணை ஆளும் அரசின்மீது பற்று வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிந்தால் உங்கள் பூசல் பாதி தீரும்.

தமிழ்ப்பற்று குறுகிய மனமென்று எங்களைப் பழிக்காதீர். தனித்தமிழ் உணர்வால் தம் பெயரை 'உயிரின்பன்' என மாற்றிக்கொண்ட சீவானந்தம் உங்களவரல்லரோ? 1963இல் மாநிலங்களவையில் 'தமிழ்நாடு' என்னும் பெயர் வேண்டிச் சட்டவரைவுக்காக வழக்காடிய பூபேசு குப்தா வங்காளியல்லரோ? பிற இனத்தான் உரிமைக்கும் குரல்கொடுத்த அவ்வங்காளியிடம் உலகப்பொதுமை இருந்தது. எவ்வினத்தையும் ஏறெடுத்துப் பாராத உங்கள் வறட்டுப் பொதுமையில் அஃது இல்லை.

நம்மவர்க்கும் ஒரு சொல் உண்டு. தமிழ்நாடென்று மேடையில் முழங்கிவிட்டு, தமிழ் பேசும் மலைமகனை மறந்தால் நம் பற்றும் போலியே. அவன் உழும் நிலத்துக்கு உரிமையாவணம் வேண்டும். அவன் வழக்கு அவனுக்குப் புரியும் மொழியில் நடைபெற வேண்டும். சென்னை உயர்முறைமன்றத்திலோ இன்றும் ஆங்கிலமே ஆள்கின்றது. நிலமும் மொழியும் அவனுக்கு இல்லையெனில், கொடியின் நிறம் எதுவானால் என்ன?

எனவே தோழர்களே, நாட்டுப்பற்று வேண்டுமா, வேண்டாவா என்னும் வழக்கை நிறுத்துங்கள். யார் நாடு, யார் மொழி, யார் நிலம் என்று கேளுங்கள். 1942இல் கண்ட உண்மைக்குத் திரும்புங்கள். திரும்பும் நாளில் தமிழ்நாட்டு உழைப்பாளி உங்களை ஐயமின்றித் தன்னவராக ஏற்பான். திரும்பாவிடின், தில்லியின் கொடிக்கம்பத்தடியில் நின்று எத்துணை உயரக் கூவினும், வெள்ளிமலைக்கு அக்குரல் எட்டாது!