மாட்டுக்கு வக்கீல் உண்டு, ரோட்டுக்கு?

மாட்டு வண்டிப் பந்தயம் வேண்டுமா, வேண்டாமா என்ற சண்டை ஒருவழியாக ஓய்ந்துவிட்டது. 2014 மே மாதம் ஜல்லிக்கட்டோடு சேர்த்து அதற்கும் தடை போட்ட உச்ச நீதிமன்றம், 2023 மே 18 அன்று தமிழ்நாட்டின் ஜல்லிக்கட்டுச் சட்டமும் மகாராஷ்டிரத்தின் வண்டிப் பந்தயச் சட்டமும் செல்லும் என்று சொல்லிவிட்டது. சந்தோஷம். நானும் பந்தயம் நடக்கட்டும் என்கிற கட்சிதான்.

ஆனால் இத்தனை வருஷ வாய்ச் சண்டையில் ஒரு கூட்டத்தைப் பற்றி யாரும் மூச்சே விடவில்லை. வண்டிக்குப் பின்னால் வருகிறார்களே, அந்த பைக் கூட்டம்!

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கோயில் கொடை என்றால் பந்தயமும் உண்டு. பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி ஆலய விழா என்றால் கேட்கவே வேண்டாம். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள். தூரம் மட்டும் இன்னும் மைல் கணக்கில்தான். இரண்டு பக்கமும் கரிசல் காடு, நடுவே தார் ரோடு. ஒரு வண்டியில் சாரதி, துணைச் சாரதி என்று ரெண்டே பேர். அவர்களைத் துரத்திக்கொண்டு வரும் பைக்குகளை எண்ணி முடியாது. ஹெல்மெட் கிடையாது, ஒரு பைக்கில் மூணு பேர், நடுவில் இருப்பவன் கையில் செல்போன். முன்னால் போகிற பைக் திடீரென்று பிரேக் போட்டால் என்ன ஆகும்? மாட்டுக்கு பிரேக் கிடையாதுங்க!

அதுவும் கோடு நெருங்க நெருங்கத்தான் இவர்கள் நெருக்குவார்கள். கடைசி அரை மைலில் ஒரு வண்டி சாய்ந்தால் போச்சு. சாரதி இடித்தானா, எதிர் வண்டி மறித்ததா, பைக்காரன் உள்ளே புகுந்தானா? நூறு பேர் நூறு கதை சொல்வார்கள். யாருக்குச் சத்தம் அதிகமோ அவருக்குப் பரிசு.

அமெரிக்காக்காரன் டிரக்கை வைத்துப் பந்தயம் விடுகிறான். 2016 செப்டம்பரில் கனடாவில் நடந்த ஒரு பந்தயத்தின் கடைசிச் சுற்றில், ஜான் ஹன்டர் நெமெச்செக் என்பவர் கோல் கஸ்டரின் வண்டியைப் புல்தரை வழியாகத் தள்ளிக்கொண்டே போய்ச் சுவரோடு அழுத்தினார். கஸ்டர் இறங்கி ஓடிவந்து அவரைக் கீழே சாய்த்தார். நம்மூர் அடிதடி மாதிரியேதான். ஆனால் அதிகாரிகள் வீடியோவைப் போட்டுப் பார்த்து, ஜெயித்தது நெமெச்செக் என்று அறிவித்தார்கள். தீர்ப்பு பிடிக்காதவர்கள் திட்டலாம், திட்டுவதற்கு ஓர் ஆள் இருக்கிறார். நம் ரோட்டில் யாரைத் திட்டுவது? விழாக் கமிட்டியையா? நோட்டீஸில் பெயர் போட்ட பிரமுகரையா?

அவ்வளவு தூரம் ஏன்? சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் திடலில் கொடி அசைக்க ஆள் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு. அங்கேயே 2023 ஜனவரியில் மூத்த வீரர் கே.ஈ.குமாரும், ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்துபோனார்கள். எல்லா ஏற்பாடும் இருக்கிற இடத்திலேயே இந்தக் கதி.

இன்னொரு சமாசாரம். ஜல்லிக்கட்டு வழக்கின் வேர் எது தெரியுமா? 2006-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கேட்டு மதுரை ஐகோர்ட் கிளையில் போட்ட மனுதான். அந்த வழக்கில் பிறகு சேர்ந்துகொண்டவர்களில் ஒருவர், ஜல்லிக்கட்டை வேடிக்கை பார்க்கப் போய் இறந்த இளைஞரின் அப்பா. மாட்டைப் பிடித்தவர் இல்லை, வேடிக்கை பார்த்தவர்! பதினேழு வருஷம் மாட்டைப் பற்றியே பேசி, அந்தப் பையனை மறந்துவிட்டோம்.

மாவட்ட நிர்வாகம் அனுமதிக் கடிதத்தில் ரெண்டு வரி சேர்த்தால் போதும். வண்டிக்குப் பின்னால் நடுவர் ஜீப்பும் ஆம்புலன்ஸும் தவிர வேறு எதுவும் வரக்கூடாது. வந்தால், அந்தச் சுற்றுக்குப் பரிசு இல்லை. பரிசு இல்லை என்று ஒரு தடவை ஆனால், மாட்டுக்காரர்களே அடுத்த வருஷம் கம்போடு நின்று பைக்குகளை விரட்டுவார்கள்.