பேத்திக்கு ஒரு ஸ்கேட்போர்டு

ஆறு மாதமாகப் பேத்தி மொட்டை மாடியில் ஸ்கேட்போர்டு பழகுகிறாள். ஃபேன்சி கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பலகை. இப்போது நன்றாகவே திரும்புகிறாள், நிறுத்துகிறாள். நல்லதாக ஒன்று கேட்டாள். "பொம்பளப் புள்ளைக்கு இதுவே போதும்ப்பா. விழுந்து கைய ஒடிச்சிக்கிட்டா?" என்றான் மகன்.

என்னைக் கேட்டால், விழ வைப்பதே அந்தக் குட்டிப் பலகைதான். இரண்டு பாதமும் அதில் ஒழுங்காக நிற்காது.

பெங்களூருக்கு அழைத்துப் போனேன். அவளுக்குப் பிடித்தது பலகையின் அடியிலிருந்த படம். நான் பார்த்தது ஏழடுக்கு மேப்பிள் மரமா, அவள் பாதத்துக்கு ஏற்ற அகலமா என்பதை. அதைவிட முக்கியம் சக்கரம். கடைக்காரர் காட்டியது 99ஏ. எண் கூடினால் கடினம் கூடும். வழவழப்பான சிமென்ட் தளத்துக்கு அது சரி. ராயக்கோட்டைத் தெருவில் ஒரு ஜல்லி தட்டினால் சக்கரம் நின்றுவிடும், பிள்ளை பறப்பாள்! சற்றுப் பெரிய 78ஏ மென்சக்கரம் போடச் சொன்னேன். தலைக்கவசமும் வாங்கினோம்.

மத்தியப் பிரதேசத்தில் பன்னா அருகே ஜன்வார் என்றொரு கிராமம். உல்ரிக் ரைன்ஹார்ட் என்ற ஜெர்மன் பெண்மணி 2015இல் அங்கே ஸ்கேட் பூங்கா அமைத்தார். பள்ளிக்குப் போகாவிட்டால் பலகை கிடையாது, பெண் பிள்ளைகளுக்கே முதல் உரிமை. இவைதான் விதிகள். மகனிடம் சொன்னேன். பதில் பேசவில்லை. மறுநாள் முழங்கால் உறை மட்டும் வாங்கி வந்தான்.