இரத்த வேர்

வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில், வசந்தம் பிறந்ததும் பிளட்ரூட் என்னும் செடி வெண்மலர் பூக்கிறது. கிழங்கைக் கிள்ளினாலோ இரத்தம் போன்ற சாறு! பூர்வகுடிகள் அதைச் சாயமாகக் கொண்டனர். 1850-களில் ஜெஸ்ஸி பெல் என்ற அமெரிக்க வைத்தியர், அதைத் துத்தநாகக் குளோரைடுடன் குழைத்து லண்டனில் புற்றுநோய்க்குப் பூசினார். இன்றும் ‘கறுப்புக் களிம்பு’ என்று விற்பாருண்டு. அது நல்ல தசையையும் அரிக்கும். ஆறிய வடுவின் அடியில் புற்று மறைந்து வளரவுங் கூடும்.

அயல்நாட்டுச் சமாசாரந்தானே என்று நாம் இருந்துவிடலாகாது. அச்சாற்றிலுள்ள ஸாங்குவினரின் என்ற நஞ்சு நம் பிரமதண்டு விதையிலும் உண்டு. அவ்விதையெண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் 1998-இல் டில்லியில் பலர் உடல் வீங்கி மாண்டனர். மூலிகை என்ற பெயர் விஷத்தை முறிக்காது. ஆறாத புண்ணைக் களிம்பால் மூடாமல் டாக்டரிடம் காட்டுவோமாக.