பூட்டுறதைப் பூட்டுங்க, பாலத்தை விட்டுருங்க!

திஸ்கி, பாமினி, டாப், டாம்னு ஆளுக்கொரு எழுத்துருவில் எழுதி, அடுத்தவர் கணினியில் அது ஜிலேபி ஜிலேபியாத் தெரிஞ்ச காலம் நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். யூனிகோட் வந்து நிலைக்கிற வரைக்கும் பொங்குதமிழ் மாதிரி மாற்றிகள்தான் பாலம். அதே கூத்து இப்போ கேம் சர்வர்ல நடக்குது மக்களே. அதுவும் காசு வாங்கிக்கிட்டு!

விஷயம் தெரியாதவங்களுக்கு: ஜிடிஏ 5 விளையாட்டைச் சொந்த சர்வரில் நம்ம இஷ்டப்படி ஓட்ட ஃபைவ்எம் இருக்கு. (அதை உருவாக்கிய குழுவை 2023-இல் ராக்ஸ்டாரே சேர்த்துக்கிட்டது.) அதில் போலீஸ், கடை, பேங்க் எல்லாமே பெரும்பாலும் லுவாவில் எழுதின ஸ்கிரிப்ட். அடித்தளமா இஎஸ்எக்ஸ், க்யூபிகோர், க்யூபாக்ஸ்னு ஃப்ரேம்வொர்க்குகள். ஆட்டக்காரர் கையில் 500 டாலர் கொடுக்க இஎஸ்எக்ஸில் ஒரு கட்டளை, க்யூபிகோரில் வேறொண்ணு. ஆளை அடையாளம் காண அங்கே ஐடென்டிஃபையர், இங்கே சிட்டிசன்ஐடி. வேலை ஒண்ணுதான், பேருதான் வேற.

இந்தப் பேர் வித்தியாசத்துக்காக ஒரே ஸ்கிரிப்டை ரெண்டு தடவை விற்கிறாங்களே சிலர், நியாயமா?

ஸ்கிரிப்டைப் பூட்டி விற்க எஸ்க்ரோ வசதி இருக்கு. பூட்டட்டும். உழைச்சவன் காசு பார்க்கணும், மறுப்பில்லை. ஆனா காசு கொடுக்கிற, பொருள் கொடுக்கிற, ஆளைத் தேடுற ஃபங்ஷன்களைத் தனி ஃபைலில் வச்சு, மேனிஃபெஸ்டில் 'எஸ்க்ரோ இக்னோர்' பட்டியலில் அதைச் சேர்த்தா, அந்த ஃபைல் மட்டும் திறந்தே இருக்கும். ஃப்ரேம்வொர்க் மாறினா வாங்கினவனே நாலு வரி மாத்திக்குவான். க்யூபிகோர் ஸ்கிரிப்டுகள் ஓடணும்னு க்யூபாக்ஸ் தனக்குள்ளேயே பாலம் கட்டி வச்சிருக்கே! மனசிருந்தா முடியும்.

"எல்லா ஃப்ரேம்வொர்க்கிலும் சோதிக்க நேரமில்லை"ம்பாங்க. நீங்க சோதிக்கவே வேண்டாம் சாமி. திறந்து வைங்க, நாங்க சோதிச்சுக்கிறோம்.

எங்க முத்துப்பேட்டை வழியாப் போகிற திருவாரூர் - காரைக்குடி மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையாக்க 2012-இல் ரயிலை நிறுத்தினாங்க. 2019-இல்தான் மறுபடி ரயிலைப் பார்த்தோம். அது இரும்பு, ஜல்லி, ஆத்துப் பாலம், பொறுத்துக்கிட்டோம். இது வெறும் டெக்ஸ்ட் ஃபைல்!

சர்வர் வச்சிருக்கிற தம்பிகளுக்கு ஒரே வார்த்தை: ஸ்கிரிப்ட் வாங்கும் முன்னாடி "பாலம் ஃபைல் திறந்திருக்கா?"ன்னு கேளுங்க. இல்லைன்னா பர்ஸைத் திறக்காதீங்க.