பழைய முறம்

தனிப்பாடல் திரட்டில் ஔவையார் பெயரில் ஒரு வெண்பா உண்டு. ஔவை ஒரு வீட்டுக்கு விருந்தாக வருகிறாள். கணவன் உள்ளே போய் மனைவிக்கு முகம் துடைத்து, தலையில் பேன் பார்த்து, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்கிறான். அவள் வெகுண்டு பழைய முறத்தால் அவனை அடித்துத் துரத்துகிறாள்.

இதை என் அப்பா சொல்லிக் கேட்க வேண்டும். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர். அரம் தேய்க்கும்போதே கே.பி. சுந்தராம்பாள் பாட்டு வாயில் ஓடும். 1953இல் வந்த ‘அவ்வையார்’ படத்துப் பாடல்கள் அத்தனையும் மனப்பாடம். ஒட்டன்சத்திரம் சந்தை முடிந்து கடைசி பஸ்ஸை விட்டவர்கள் நாலு பேரை ராத்திரி கூட்டிவருவார். திண்ணையில் முதலில் பாட்டு, பிறகு வெண்பா. கடைசி அடிக்கு வேட்டியைத் தூக்கிப் பிடித்து ஓடியே காட்டுவார். எனக்கு வயிறு வலிக்கும். நான் தமிழ் படித்ததே அந்தத் திண்ணையால்தான், மறுக்கவில்லை.

உள்ளே அம்மா உலை வைத்துக்கொண்டிருப்பாள். ஆத்தூர் அணைத் தண்ணீர் என்றைக்கோ ஒருநாள் குழாயில் வந்த காலம். நாலு பேர் கூடுதலாகக் கைகழுவினால் மறுநாள் அவள்தான் குடத்தோடு அலைய வேண்டும். ஒருநாள் முறமும் கையுமாக நிலைப்படியில் வந்து நின்றாள்.

“ஆளு வருதுன்னு காலையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மொறம் அந்நேரம் அரிசி பொடச்சுக்கிட்டு இருந்திருக்கும்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. “பாத்தீங்களா, ஆரம்பிச்சுட்டா” என்றார் அப்பா. அதற்குச் சிரித்தார்கள். நானும்.

அன்று அந்தத் திண்ணையில் கேட்ட நல்ல நகைச்சுவை அம்மாவுடையது. நகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் சொல்லும் நான்கில் முதலாவது எள்ளல். யார் யாரை எள்ளலாம் என்பதை அவர் சொல்லவில்லை. அதைத் திண்ணைகள் முடிவு செய்தன. இந்த வெண்பாவோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொன்று, இப்படிப்பட்ட மனைவி வாய்த்தால் சொல்லாமலே சந்நியாசம் போ என்று கணவனுக்கு யோசனை தருகிறது. சொல்லாமல் ஆள் கூட்டிவருகிறவனை விட்டு அவள் எங்கே போவாள்? பாடியது ஔவைதானே என்பார்கள். பெண் பெயரில் இருப்பதெல்லாம் பெண் பக்கம் நிற்பதில்லை.

நாட்டார் பாடல் சேகரித்து வரச் சொன்னால் மாணவிகள் தாலாட்டும் ஒப்பாரியும் கொண்டுவருகிறார்கள். நலுங்கில் மாப்பிள்ளையைக் கிழிக்கும் பாட்டும் சம்பந்தி ஏசலும் வருவதில்லை. “அது சும்மா கேலிக்குப் பாடுறது” என்று பாட்டிகள் ஒதுக்க, நாமும் குறிப்பேட்டை மூடிவிடுகிறோம். பெண் அழுதால் ஆய்வேடு, கேலி செய்தால் வாயாடி.

அப்பாவின் நினைவு மலருக்கு ‘நகைச்சுவை உணர்வு மிக்கவர்’ என்று எழுதிக் கொடுத்தவள் நான். அதில் அம்மாவின் அந்த ஒரு வாக்கியம் இல்லை. இப்போது வகுப்பில் வெண்பாவை நடத்தும்போது அதையும் சொல்கிறேன். வெண்பாவுக்கு வகுப்பு முழுக்கச் சிரிக்கிறது. அம்மாவின் வாக்கியத்துக்கு முதலில் சிரிப்பது எப்போதும் கடைசி பெஞ்சில் இருக்கும் பெண்கள்தான்.